கோய்டர் போட்ட கோடு

போன எபிசோடில் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பேசினோம், 1876 முதல் 1878 வரை. அதைக் கேட்ட நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்: "மழை பொய்த்தது நம்ம பக்கம் மட்டும்தானா, வேற எங்கேயும் நடந்துச்சா?"

நல்ல கேள்வி. இதே கேள்வியை அந்தக் காலத்திலேயே ஒருத்தர் கேட்டிருக்கிறார். பெயர் சார்லஸ் டாட். ஆஸ்திரேலியாவில், அடிலெய்ட் நகரத்தில் இருந்தவர். தெற்கு ஆஸ்திரேலியக் காலனியின் தந்தித் துறையும் வானிலைக் கணக்கும் அவர் கையில்தான். ஊர் ஊராகத் தந்தி ஆபீஸ் திறக்கத் திறக்க, அங்கெல்லாம் மழைமானி வைத்துக் கணக்கு எழுதச் சொன்னார். அந்தக் கணக்கை இந்தியாவின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு 1888-ல் ஒரு விஷயம் எழுதினார்: கடுமையான வறட்சி இந்த இரண்டு நாட்டுக்கும் பெரும்பாலும் ஒரே சமயத்தில்தான் வருகிறது. எல் நினோ என்று இன்றைக்கு நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அதன் வால் நுனியை அவர் அப்போதே பிடித்துவிட்டார். பசிபிக் கடல் நடுவிலும் கிழக்கிலும் சூடாகும் ஆண்டுகளில் நமக்கும் பருவமழை குறையும் வாய்ப்பு அதிகம், அவர்களுக்கும் அதிகம்.

டாட்டைப் பற்றிப் படிக்கப் போன இடத்தில் எனக்கு இன்னொரு ஆள் கிடைத்தார். அதே ஊர், அதே காலம், அதே அரசாங்கம். அவர் வானிலைக்காரர் இல்லை, சர்வேயர். வரைபடத்தில் அவர் போட்ட ஒரு கோடு ஆடு மாடு வளர்த்தவர்களையும் கோதுமை விதைத்தவர்களையும் என்ன பாடு படுத்தியது என்பதுதான் இன்றைய கதை. பெயர் ஜார்ஜ் கோய்டர்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தெற்கு ஆஸ்திரேலியா 1836-ல் ஆரம்பித்த காலனி. தெற்கே கடற்கரை ஓரமாக மழை பரவாயில்லை. வடக்கே போகப் போக மழை குறைந்துகொண்டே போய்ப் பாலைவனத்தில் முடியும். நம்ம தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் இடத்தில் 250, 300 பெய்தால் அது நல்ல இடம். அதுவும் அவர்களுடைய குளிர்காலத்தில், மே முதல் அக்டோபர் வரை பெய்தால்தான் கோதுமைக்கு ஆகும்.

1840-கள், 50-களில் மேய்ச்சல்காரர்கள் செம்மறிகளையும் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வடக்கே போனார்கள். அரசாங்கத்திடம் நூற்றுக்கணக்கான சதுர மைல் குத்தகைக்கு வாங்கினார்கள். அந்த நிலமெல்லாம் யாருமில்லாமல் கிடந்த நிலம் இல்லை. ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் வடபகுதி அத்னியமத்தனா மக்களுடையது. தெற்கே நுகுனு என்று சொல்லப்படும் மக்கள் இருந்தார்கள். வறண்ட பூமியில் சுனையும் ஊற்றும் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கையில்தான் எல்லாம். மேய்ச்சல்காரர்கள் முதலில் பிடித்தது அதைத்தான். வறட்சியின் முதல் அடி யார்மேல் விழுந்தது என்று கேட்டால், எந்தப் பண்ணைக் கணக்கிலும் எழுதப்படாத அந்த மக்கள்மேல்தான் என்று நான் சொல்வேன்.

அந்தப் பூமியின் குணத்துக்கு ஒரு உதாரணம். கன்யாகா என்று ஒரு பெரிய மேய்ச்சல் பண்ணை. அதைத் தொடங்கியவர் ஹியூ புரோபி என்ற இளைஞர். 1852-ல் இறந்துபோனார். எப்படித் தெரியுமா? வெள்ளத்தில் மூழ்கி. திடீர் மழையில் வில்லோக்ரா ஓடை பொங்கி வந்து அடித்துக்கொண்டு போய்விட்டது. வருஷம் பூரா மணலாகக் கிடக்கும் ஓடை அது.

இப்போது கோய்டருக்கு வருவோம். இங்கிலாந்தில் லிவர்பூலில் 1826-ல் பிறந்தவர். அடிலெய்டுக்கு வந்து அரசாங்க வேலையில் சேர்ந்து சரசரவென்று மேலே ஏறினார். குள்ளமான உருவம், ஓயாத உழைப்பு. பட்டப்பெயரே 'லிட்டில் எனர்ஜி'. 1857-ல், துணை சர்வேயர் ஜெனரலாக இருந்தபோது, வடக்கே போய் ஒரு ஏரியைப் பார்த்தார். நல்ல மழை பெய்திருந்த நேரம். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். குடித்துப் பார்த்தார், நன்னீர். அடிலெய்டுக்குச் செய்தி போனதும் ஒரே கொண்டாட்டம். உள்நாட்டில் ஒரு நன்னீர்க் கடலே இருக்கிறது என்ற அளவுக்குப் பேச்சு. அவருடைய மேலதிகாரி ஃப்ரீலிங் சில மாதம் கழித்துப் படகோடு கிளம்பிப் போனார். படகு மிதக்க அங்கே தண்ணீர் இல்லை. சில அங்குலம் நீர், கீழே சேறு. ஆட்கள் இறங்கி நடந்தே பார்த்தார்கள், ஆழம் வரவே இல்லை. பெரிய கரைகள், பாறைகள் என்று கோய்டர் எழுதியிருந்ததெல்லாம் கானல் காட்டிய வேலை. ஊர் சிரித்தது.

அவமானம்தான். ஆனால் கோய்டர் பொய் சொல்லவில்லை என்பதையும் பாருங்க. அவர் பார்த்த அன்றைக்கு அங்கே தண்ணீர் இருந்தது. ஒரு நல்ல மழை வருஷத்தைப் பார்த்துவிட்டு அதுதான் அந்த இடத்தின் இயல்பு என்று நம்பிவிட்டார், அவ்வளவுதான். அடுத்து அவர் செய்த வேலையில் இந்தப் பாடம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1861-ல் அவரே சர்வேயர் ஜெனரல் ஆனார். கொஞ்ச நாளில் மேய்ச்சல் குத்தகைகளை மறுமதிப்பீடு செய்து குத்தகைப் பணத்தைக் கடுமையாக உயர்த்தினார். மேய்ச்சல்காரர்கள் கொதித்தார்கள். அதே சூட்டில் 1864, 65-ல் வறட்சி வந்தது. வடக்கே ஆடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. குத்தகையைக் குறை, நிவாரணம் கொடு என்று மனு மேல் மனு. யாருக்கு உண்மையிலேயே பாதிப்பு, யார் சந்தடி சாக்கில் கேட்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரியவில்லை. கோய்டரைக் கூப்பிட்டு, எதுவரை மழை வந்திருக்கிறது, எங்கிருந்து வறட்சி ஆரம்பிக்கிறது என்று வரைபடத்தில் குறித்துக் கொடு என்றது.

1865 நவம்பரில் குதிரையில் கிளம்பினார். சுமார் 3,000 கிலோமீட்டர் சுற்றினார் என்கிறார்கள். டிசம்பரில் அறிக்கை கொடுத்துவிட்டார்.

இங்கேதான் எனக்கு அந்த ஆள் மேல் மரியாதை வருகிறது. வடக்கே அப்போது மழைக் கணக்கே கிடையாது. டாட்டின் மழைமானிகள் அந்தப் பக்கம் இன்னும் போய்ச் சேரவில்லை. அப்புறம் எதை வைத்துக் கோடு போடுவது? செடியை வைத்துப் போட்டார். தெற்கே மேலி என்று ஒரு மரம், ஒரே வேரிலிருந்து பல தண்டு கிளம்பும் யூகலிப்டஸ் வகை. வடக்கே சால்ட்புஷ், புளூபுஷ் என்று சாம்பல் நிறக் குத்துச்செடிகள். நம்ம உப்பளத்து ஓரம் வளருமே உமரி, அதற்குத் தூரத்துச் சொந்தம். வறட்சி அடிக்கடி வரும் மண்ணில் இதுதான் நிற்கும். ஒரு வருஷ மழையைப் பார்த்து ஏமாறலாம். ஆனால் ஒரு செடி ஓரிடத்தில் நிலைத்து நிற்கிறது என்றால் பல பத்து வருஷத்து மழையும் காய்ச்சலும் அதற்குள் எழுதியிருக்கிறது. ஆடு மாடு காய்ந்து கிடந்ததையும் பார்த்தார், செடி மாறும் இடத்தையும் பார்த்தார், கோடு போட்டார். கிழக்கே விக்டோரியா எல்லையில் கிளம்பி, பர்ரா, ஓரரூ பக்கமாகப் போய், ஸ்பென்சர் வளைகுடாவைத் தாண்டி மேற்கே கடற்கரை வரை. பிற்காலத்தில் மழைக் கணக்கு சேர்ந்த பிறகு பார்த்தால், கோடு ஏறக்குறைய 250, 300 மில்லிமீட்டர் மழை அளவோடு ஒட்டிப் போகிறது.

சராசரி மழை வேறு, நம்பி விதைக்கக்கூடிய மழை வேறு. ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். ஒரு ஊரில் நாலு வருஷம், வருஷத்துக்கு 250 மில்லிமீட்டர். இன்னொரு ஊரில் முதல் இரண்டு வருஷம் 400, அடுத்த இரண்டு வருஷம் 100. இரண்டு ஊருக்கும் சராசரி ஒன்றுதான். முதல் ஊர் விவசாயி சுமாராகப் பிழைப்பார். இரண்டாவது ஊர் விவசாயி முதல் இரண்டு வருஷ விளைச்சலைப் பார்த்துக் கடன் வாங்கி, வீடு கட்டி, பக்கத்து நிலத்தையும் வாங்கியிருப்பார். மூணாவது வருஷம் விதை முளைக்காது. நாலாவது வருஷம் விதையே இருக்காது.

மேய்ச்சல்காரருக்கு இதே வறட்சி வேறு மாதிரி வரும். மழை இல்லையென்றால் மந்தையை வேறு பக்கம் ஓட்டலாம், பாதியை விற்கலாம். விலை அடிமாட்டு விலைதான், நஷ்டம்தான், ஆனால் ஒரு வழி இருக்கிறது. சால்ட்புஷ் வறட்சியைத் தாங்கும் செடி. மழை நின்று பல மாதம் ஆன பிறகும் அதில் கொஞ்சம் இலை இருக்கும். வங்கியில் போட்ட பணம் மாதிரி. நம்ம பக்கம் கிடை போடுகிறவர்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். மழை இருக்கிற இடத்துக்கு ஆடு நடந்து போகும். கோதுமைப் பயிரால் முடியுமா?

கோட்டுக்குத் தெற்கே உழலாம், வடக்கே மேய்க்கத்தான் லாயக்கு என்று இப்படித்தான் ஆயிற்று. சொல்லப்போனால் கோய்டரிடம் கேட்டது குத்தகைச் சலுகைக்கான எல்லை மட்டும்தான். பயிர் எல்லையாக அது மாறியது பிறகு. 1869-ல் சிறு விவசாயிகளுக்கு நிலத்தைக் கடனில் விற்கச் சட்டம் வந்தது. 1872-ல் வந்த சட்டம், கோய்டர் கோட்டுக்குத் தெற்கே உள்ள நிலத்தை மட்டும்தான் அப்படிக் கடனில் எடுக்கலாம் என்றது.

சட்டம் தாங்கியது இரண்டே வருஷம். ஏனென்றால் நல்ல மழை வந்துவிட்டது.

கோட்டுக்கு வடக்கேயும் பச்சை. அடிலெய்டில் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் கேட்டார்கள்: எங்கே உங்க வறட்சி? வெறும் செடியைப் பார்த்து ஒரு அதிகாரி போட்ட கோட்டுக்காக ஏழை விவசாயிக்கு நிலத்தை மறுப்பதா? இதில் ஒரு நியாயமும் இருந்தது, அதையும் சொல்லணும். பெரிய மேய்ச்சல்காரர்கள் பணக்காரர்கள். அவர்கள் கையில் இருந்த நிலம் சின்ன ஆளுக்குப் போகணும் என்பது நல்ல ஆசைதான். இதோடு இன்னொரு நம்பிக்கையும் சேர்ந்தது. கலப்பை போகும் இடத்துக்கு மழை பின்னாலேயே வரும், மண்ணை உழுதால் ஈரம் மேலே போய் மேகமாகும் என்று. இதை அன்றைக்குப் படித்தவர்களும் நம்பினார்கள். அமெரிக்காவின் புல்வெளிப் பகுதியிலும் இதே காலத்தில் இதே பேச்சு. உண்மையில் மழை வந்தது, அதன் பின்னால்தான் கலப்பை போனது.

1874-ல் சட்டத்தை மாற்றினார்கள். கோடு ரத்து. காலனியின் வடக்கு எல்லை வரை எங்கே வேண்டுமானாலும் உழலாம். நல்ல இடங்களில் மேய்ச்சல் குத்தகையைத் திரும்ப வாங்கி, அளந்து, கூறுபோட்டு விற்றார்கள். அளந்தது யார்? கோய்டரின் துறையேதான். வேண்டாம் என்று சொன்ன ஆள்தான் கையெழுத்துப் போட்டு ஊர் ஊராக மனைப்பிரிவு வரைந்து கொடுத்தார். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஹேமண்ட், புரூஸ், கோர்டன், வில்சன், கிராடக், ஜான்பர்க் என்று வரிசையாக ஊர்கள் முளைத்தன. கல் வீடு, சர்ச், பள்ளிக்கூடம், ஹோட்டல். போர்ட் அகஸ்டா துறைமுகத்திலிருந்து ரயில் பாதை 1879-ல் குவார்ன் வந்தது, 1880-ல் ஹாக்கர். அதற்கும் வடக்கே ஒரு இடத்துக்கு 'கவர்ன்மெண்ட் கம்ஸ்' என்று பெயர். அங்கே 1878-ல் ஊர் அளந்தார்கள், பெயரையும் மாற்றினார்கள்: ஃபரீனா. லத்தீனில் மாவு என்று அர்த்தம். கோதுமை விளையும், அரைத்து மாவாக்கி அனுப்புவோம் என்று பெயரிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். அந்த ஊரின் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது.

இதே வருஷங்களில்தான் இங்கே நம்ம மாகாணத்தில் ஜனங்கள் கஞ்சித் தொட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள்.

1880-ல் அங்கே மழை நின்றது. 81, 82-லும் சரியில்லை. விதைத்தது திரும்பி வரவில்லை. ரயில் ஃபரீனாவுக்கு 1882-ல் வந்து சேர்ந்தது, ஏற்றுவதற்கு மாவு இல்லை. ஏற்றியது ஆடும் மாடும்தான். விவசாயிகள் கூட்டம் கூட்டி மனு கொடுத்தார்கள். கடைசியில் அரசாங்கம், நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடன் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர வழி செய்தது. வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கல் வீடுகளை வண்டியில் ஏற்ற முடியாதே. குவார்னிலிருந்து ஹாக்கர் போகும் வழியில் கூரை இல்லாத அந்தச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன.

சரி, விவசாயி போய்விட்டார், மேய்ச்சல்காரர் திரும்ப வந்து ஆடு விடலாமே என்று கேட்பீர்கள். விட்டார்கள். ஆனால் எதை மேய? சால்ட்புஷ் உழுதபோதே போய்விட்டது. வேர் பிடித்திருந்த மண் காற்றில் கிளம்பியது. பஞ்சம் வந்தால் எடுத்துச் செலவு செய்யலாம் என்று நிலம் சேர்த்து வைத்திருந்ததை மூணு நாலு நல்ல வருஷத்திலேயே அழித்தாயிற்று. என்னைக் கேட்டால், அந்தப் பூமிக்கு 1880-ன் வறட்சி செய்த கேட்டைவிட எழுபதுகளின் நல்ல மழை செய்த கேடு பெரிது.

இதைக் கேட்டு மேய்ச்சல்காரர்கள் உத்தமர்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவர்களும் நல்ல வருஷத்தில் மந்தையைப் பெருக்கினார்கள், மழை நின்றதும் குறைக்கவில்லை. இன்னைக்கு மழை வரும், நாளைக்கு வரும் என்று ஆட்டை வைத்துக்கொண்டே இருப்பார்கள். அது செடியை வேர்வரை மேய்ந்துவிடும். 1895-லிருந்து 1902 வரை ஆஸ்திரேலியா முழுக்க ஒரு பெரும் வறட்சி. நாட்டின் செம்மறிகள் 9 கோடியே 10 லட்சத்திலிருந்து 5 கோடியே 40 லட்சமாகக் குறைந்தன. மாடுகள் 1 கோடியே 18 லட்சத்திலிருந்து 70 லட்சம். பத்தில் நாலு பங்கு போய்விட்டது என்று சொல்லலாம்.

கூனமோர் என்ற மேய்ச்சல் பண்ணையில் 1925-ல் அடிலெய்ட் பல்கலைக்கழகம் சுமார் 390 ஹெக்டேரை வேலிபோட்டு ஆடு மாடு நுழையாமல் வைத்தது. மேய்ந்து மொட்டையான நிலம். தானாகத் தேறுமா என்று பார்ப்பதற்காக. பல பத்து வருஷம் நடந்த அந்தச் சோதனையில் தெரிவது, சில செடிகள் திரும்பி வரும், ஆனால் மனுஷ ஆயுசுக் கணக்கில்தான் வரும்.

இந்தக் குணத்தைப் புரிந்துகொண்டு பணம் பண்ணியவர் சிட்னி கிட்மன். 1857-ல் அடிலெய்ட் பக்கத்தில் பிறந்து, பதின்மூணு வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பி, 'மாட்டு ராஜா' என்று பெயர் வாங்கியவர். அவர் வாங்கிய பண்ணைகளை வரைபடத்தில் பார்த்தால் ஒரு சங்கிலி மாதிரி இருக்கும். குயின்ஸ்லாந்தின் வடக்கே பெய்யும் மழை ஜார்ஜினா, டயமண்டினா, கூப்பர் ஓடைகள் வழியாகப் பல நூறு கிலோமீட்டர் கீழே இறங்கி வறண்ட பூமியில் பரவும். உள்ளூரில் துளி மழை இல்லாமலே அங்கே வெள்ளம் வந்து புல் முளைக்கும். கிட்மன் அந்த ஓடைகளை ஒட்டி அடுத்தடுத்துப் பண்ணை வாங்கினார். ஒரு இடம் காய்ந்தால் மந்தை அடுத்த இடத்துக்கு நடக்கும், நடந்துகொண்டே ரயிலடியையும் சந்தையையும் நெருங்கும். புத்திசாலித்தனம்தான். ஆனால் அதற்கு எத்தனை ஆயிரம் சதுர மைல் வேண்டும் என்று பாருங்க. 640 ஏக்கரைக் கடனில் வாங்கியவருக்கு அந்தப் பாடம் எதற்கு ஆகும்? அவ்வளவு நிலம் இருந்தும் 1900-களின் தொடக்கத்து வறட்சியில் கிட்மனுக்கும் பலத்த அடி விழுந்தது.

கோய்டர் 1894 வரை பதவியில் இருந்தார், 1898-ல் இறந்தார். கோட்டைச் சட்டத்திலிருந்து நீக்கியதோடு சரி, திரும்பச் சேர்க்கவில்லை. ஆனாலும் அங்கே நிலம் வாங்குகிறவர் இன்றைக்கும், கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்கிறார். சாலையோரம் கல் நட்டு வைத்திருக்கிறார்கள். காலநிலை மாற மாற கோடு தெற்கே இறங்கும் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். அப்படி இறங்கினால் இன்றைக்குக் கோதுமை விளையும் சில ஊர்கள் தவறான பக்கம் போய்விடும். ஓரரூ பக்கத்து விவசாயிகள் பலர் கோதுமையோடு ஆடும் வைத்திருக்கிறார்கள். ஒன்று போனால் ஒன்று.

ஃபரீனா இன்றைக்கு இடிந்த ஊர். ஒரு காலத்தில் முந்நூறு பேர் வரை இருந்திருக்கிறார்கள். அங்கே தரைக்கு அடியில் கட்டிய ஒரு பழைய பேக்கரி அடுப்பு மட்டும் தப்பித்திருக்கிறது. வருஷா வருஷம் குளிர்காலத்தில் சில வாரம் தன்னார்வலர்கள் வந்து தங்கி, சுவர்களைச் சரிசெய்து, அந்த அடுப்பில் ரொட்டி சுட்டு விற்கிறார்கள். மாவு வெளியூரிலிருந்து வருகிறது.

டாட்டும் மற்றவர்களும் தொட்டுக் காட்டிய இந்தியா–ஆஸ்திரேலியா வறட்சித் தொடர்பைப் பிறகு கணக்கு வைத்து அலசியவர் கில்பர்ட் வாக்கர். 1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கணிதக்காரர். அடுத்த எபிசோடில் அவரைப் பார்க்கலாம்.